உப்பளத்துக்கு ஆண் வந்த கதை

மைசூரில் வந்து குடியேறிய தென்மாவட்டத்துக்காரர்களிடம் மைசூர் – தூத்துக்குடி எக்ஸ்பிரஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. பொங்கல், தீபாவளி சமயத்தில் அதில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. சாயங்காலம் இங்கே ஏறினால் பெங்களூர், சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை என்று ராத்திரி பூராவும் ஓடி, மறுநாள் முற்பகலில் கடற்கரையில் கொண்டுபோய் இறக்கிவிடும். கடலே இல்லாத ஒரு ஊரையும் உப்பே பிழைப்பான ஒரு ஊரையும் கட்டிப்போட்டிருக்கும் கயிறு அது. உப்புக்குக் கன்னடத்திலும் உப்பு என்றுதான் பெயர். இங்கே வந்த புதிதில் மளிகைக் கடையில் நான் தைரியமாகச் சொன்ன முதல் கன்னடச் சொல் அதுதான்!

ஆனால் இந்தப் பதிவு உப்பைப் பற்றியது அல்ல. உப்பளத்துத் தண்ணீரில் மல்லாந்து நீந்திக்கொண்டிருக்கும் ஒரு பொடிப் பிராணியைப் பற்றியது. நன்றாக வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் நீளம் வரும். விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஆர்ட்டிமியா. தமிழில் உவர்நீர் இறால் என்று எழுதுகிறார்கள். தூத்துக்குடி, வேதாரண்யம், கேளம்பாக்கம் என்று உப்பு விளைகிற இடங்களில் இதைப் பார்க்கலாம். பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இது யார் என்று கேட்டவர்கள்தான் குறைவு. அப்படிக் கேட்காமல் விட்டதால் தூத்துக்குடியில் என்ன நடந்தது என்பதுதான் கதை. கொஞ்சம் நீளமான கதை. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். பெயரில் இறால் இருந்தாலும் இது இறால் அல்ல. நாம் குழம்பு வைக்கும் இறாலுக்குத் தலையையும் நெஞ்சையும் சேர்த்து மூடும் ஒரு ஓடு இருக்கும், நடப்பதற்குப் பத்துக் கால்கள் இருக்கும். ஆர்ட்டிமியாவுக்கு ஓடே கிடையாது. உடம்பு கண்ணாடி மாதிரி. நெஞ்சுப் பகுதியில் இலை இலையாகப் பதினொரு ஜோடிக் கால்கள். அவற்றை அலை அலையாக அசைத்துத்தான் நீந்துகிறது, அவற்றாலேயே மூச்சு விடுகிறது, தண்ணீரில் மிதக்கும் பாசியை வடிகட்டி வாய்க்குத் தள்ளுவதும் அவற்றாலேயேதான். இரண்டு பக்கமும் காம்பின் நுனியில் ஒவ்வொரு கண். நடுவே புள்ளி மாதிரி மூன்றாவதாக ஒரு கண், அது குஞ்சாக இருந்த காலத்து மிச்சம். பின்னால் கால் இல்லாத ஒல்லி வயிறு, அதன் நுனியில் இரண்டாகப் பிரிந்த வால் கவை, கவையில் மெல்லிய தூவிகள். இறாலும் நண்டும் இதற்குச் சொந்தம்தான், ஆனால் ரொம்பத் தூரத்துச் சொந்தம். மழைக்குப்பின் குட்டைகளில் திடீரென்று தோன்றி மறையும் நன்னீர்த் தேவதை இறால்கள்தான் நெருங்கிய பங்காளிகள்.

கடல்நீரில் இது நன்றாகவே வாழும். ஆனால் கடலில் கிடைக்காது. ஓடும் இல்லை, முள்ளும் இல்லை, வேகமும் இல்லை. மீன் கண்ணில் பட்டால் ஒரே வாய். அதனால்தான் மீன் வர முடியாத உப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. தண்ணீர் வற்றிப்போனாலும் கவலை இல்லை. சூழ்நிலை கெட்டால் பெண், குஞ்சு போடுவதை விட்டுவிட்டு, கெட்டி உறை போட்ட முட்டைகளை இடும். கால் மில்லிமீட்டர் அளவுள்ள பழுப்புப் பொடி. உலர்ந்த நிலையில் வருஷக்கணக்காக உயிரோடு கிடக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் ஒரே நாளில் பொரித்துவிடும். கதையில் திருப்பம் வருவதே இந்த முட்டையால்தான், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பேரியில் இப்படி ஒரு உயிர் இருக்கிறது என்பது ரொம்பப் பழைய செய்தி. இரானின் ஊர்மியா ஏரியைப் பற்றி 982ல் எழுதப்பட்ட ஒரு பாரசீக நூலிலேயே குறிப்பு இருக்கிறது. ஆனால் உடம்பைப் பார்த்து வரைந்து, ஆண் இது, பெண் இது என்று பிரித்துக் காட்டியது ஷ்லோசர் என்ற டச்சு மருத்துவர். 1750களின் நடுவில், இங்கிலாந்தின் தென்கரையில் லிமிங்டன் என்ற ஊரின் உப்பளத்தில் கண்டதை வைத்து எழுதினார். 1758ல் லின்னேயஸ் அதற்கு ‘கான்சர் சலினஸ்’ என்று பெயர் வைத்தார், அதாவது உப்பு நண்டு. (அவருக்குக் கெட்டி உடம்போடு நிறையக் கால் இருந்தால் பெரும்பாலும் நண்டுதான்.) ஆர்ட்டிமியா என்ற பேரினப் பெயர் 1819ல் லீச் என்ற ஆங்கிலேயர் வைத்தது. ஆக, ‘ஆர்ட்டிமியா சலினா’.

லிமிங்டன் உப்பளத் தொழிலாளிகளுக்கு இந்தப் பூச்சி மேல் ஒரு மரியாதை இருந்திருக்கிறது. இது இருந்தால் தண்ணீர் தெளியும் என்பது அவர்கள் நம்பிக்கை. தங்கள் பாத்தியில் இல்லாவிட்டால் பக்கத்து அளத்திலிருந்து பிடித்துக்கொண்டு வந்து விடுவார்களாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை சரியானதுதான். பாசியை மேய்ந்து தண்ணீரைத் தெளிய வைப்பதால் உப்பு வெள்ளையாக விளையும் என்று இன்றைய உப்புத் தொழில் நூல்களும் சொல்கின்றன. லிமிங்டன் அளங்கள் அதே நூற்றாண்டில் மூடப்பட்டன. அங்கிருந்த ஆர்ட்டிமியாவும் அழிந்துவிட்டது. உலகத்தில் முதலில் பெயர் பெற்ற கூட்டம் இன்று இல்லை.

அடுத்த காட்சி கருங்கடல் கரையில், ஒடெசா பக்கம். இந்த இடத்தில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

அங்கே குயால்னிக் என்று ஒரு உப்பேரி. அதை இரண்டாகப் பிரித்திருந்த அணை 1871ல் உடைந்தது. உப்பு குறைந்த தண்ணீர் உள்ளே வந்து, கூடவே ஆர்ட்டிமியாவும் வந்தது. பிறகு அணையைச் சரிசெய்தார்கள், தண்ணீர் மெல்ல மெல்லச் சுண்ட ஆரம்பித்தது. உப்பளத்துக்காரர்கள் தண்ணீரை ‘டிகிரி’ கணக்கில் சொல்வது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பாமே என்ற பிரெஞ்சுக்காரர் பெயரில் வந்த அளவு அது. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. உப்பு படிய ஆரம்பிப்பது 25 டிகிரிவாக்கில். குயால்னிக்கில் 1871ல் 8 டிகிரியாக இருந்த தண்ணீர் 1874ல் 25 டிகிரியைத் தொட்டது. ஷ்மான்கேவிச் என்ற ரஷ்ய விலங்கியலாளர் வருஷா வருஷம் அந்தப் பூச்சிகளைப் பிடித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவர் பார்த்தது நிஜமாகவே ஆச்சரியம். உப்பு ஏற ஏற வால் கவை சிறுத்தது, தூவிகள் உதிர்ந்தன. கடைசியில் கவையும் இல்லை, தூவியும் இல்லை, மொட்டை வால். இப்படி மொட்டை வால் உள்ளதற்கு ‘ஆர்ட்டிமியா மில்ஹௌசெனி’ என்று வேறொரு பெயரே ஏற்கெனவே இருந்தது. ஆக, ஒரு இனம் இன்னொரு இனமாக மாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன் என்று 1875ல் எழுதினார். எதிர்த்திசையில் உப்பைக் குறைத்துக்கொண்டே போனால் நன்னீரில் வாழும் பிராங்கிப்பஸ் பக்கம் போகிறது என்றும் சொன்னார். டார்வின் புத்தகம் வந்து பதினாறு வருஷம்தான் ஆகியிருந்தது. ஐரோப்பா முழுக்க இது பெரிய செய்தி. பரிணாமம் பற்றிய புத்தகங்களில் எல்லாம் இந்த வால் இடம்பிடித்தது.

நம்பாத ஒருவர் இருந்தார். வில்லியம் பேட்சன். பிற்காலத்தில், 1905ல், ‘ஜெனடிக்ஸ்’ என்ற சொல்லையே உருவாக்கினவர். 1886, 87ல் மத்திய ஆசியப் புல்வெளிகளின் உப்பேரிகளுக்கு நேரில் போய்ப் பலவகை உப்புத் தண்ணீரிலிருந்து இந்தப் பிராணிகளைச் சேகரித்தார். 1894ல் வெளியான தன் புத்தகத்தில் தீர்ப்பும் சொன்னார். உப்புக்கேற்ப வால் மாறுவது உண்மை. ஆனால் அது ஒரே பிராணியின் உடம்பு சூழ்நிலைக்கு ஏற்ப இளைப்பதும் பெருப்பதும்தானே தவிர, இனம் மாறியதற்குச் சாட்சி அல்ல.

பேட்சன் சொன்னது சரி. ஆனால் அதிலிருந்து மற்றவர்கள் போய்ச் சேர்ந்த முடிவு தப்பு என்பது என் அபிப்பிராயம். வாலை நம்ப முடியாது என்று தெரிந்ததும், சரி, எல்லாமே ஒன்றுதான் என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஹங்கேரிய நிபுணர் டாடாய் 1910ல் எழுதின பெரிய நூலில் உலகத்து ஆர்ட்டிமியா எல்லாவற்றையும் ஒரே சலினாவுக்குள் அடக்கி, மற்றதையெல்லாம் வெறும் வகைகள் ஆக்கிவிட்டார். அதற்கு நாலு வருஷம் முன்னால் 1906ல், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் ரெட்வுட் சிட்டி பக்கத்து உப்பளத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் வெர்னான் கெல்லாக் ‘ஆர்ட்டிமியா ஃபிரான்சிஸ்கானா’ என்று ஒரு தனி இனத்தை விவரித்திருந்தார். அதுவும் பல காலம் சலினாவுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. (வளைகுடாப் பகுதித் தமிழ்க் குடும்பங்களே, விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியாகத் தெரியும் சிவப்பும் பச்சையுமான பாத்திகள்தான் அதன் சொந்த ஊர்.)

உடம்பைப் பார்த்து அடையாளம் காண்பது என்றால் என்ன என்று விளக்க மைசூரில் இருப்பதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. மைசூர் என்றதும் வரலாற்று ஆர்வமுள்ள தமிழருக்கு ஞாபகம் வருவது அரண்மனை அல்ல, தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல பத்தாண்டுகளாக இங்கேதான் இருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும், பிறகு படிகள் சென்னைக்குப் போனதும் செய்தியாக வந்தது. தேதி இல்லாத ஒரு துண்டுக் கல்லைக் கல்வெட்டு ஆய்வாளர் எப்படிக் காலம் சொல்கிறார்? எழுத்தின் உடம்பைப் பார்த்துத்தான். ஆனால் எல்லா வளைவையும் நம்ப மாட்டார். உளி வழுக்கினதால் வந்த வளைவு, கல்லின் பொரிவால் வந்த கோடு, இவற்றையெல்லாம் தள்ளிவிடுவார். எழுத்தில் எந்த உறுப்பு காலத்தோடு மட்டுமே மாறுகிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆர்ட்டிமியாவின் வால் உளி வழுக்கின கோடு. ஒரு கோட்டை நம்ப முடியாது என்பதற்காக எல்லாக் கல்வெட்டும் ஒரே காலம் என்று யாராவது சொல்வார்களா?

அப்படியானால் நம்பக்கூடிய உறுப்பு எது? ஆணின் தலை.

ஆர்ட்டிமியாவுக்கு இரண்டு ஜோடி உணர்கொம்புகள். பெண்ணுக்கு இரண்டாவது ஜோடி சின்னது. ஆணுக்கு அது பெருத்து, தட்டையாகி, உள்பக்கம் வளைந்து, ஒரு ஜோடிக் கொக்கி மாதிரி ஆகிவிடும். பார்த்தால் மீசை முறுக்கின ஐயனார் சாமிதான். அந்தக் கொக்கியால் பெண்ணைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் ஒன்றாகவே நீந்துவார்கள். கொக்கி தொடங்கும் இடத்தில், உள்பக்கம், ஆளுக்கொரு சின்னக் குமிழ் இருக்கும். அந்தக் குமிழின் வடிவம், அதன் மேல் இருக்கும் நுண்ணிய முட்கள், இவை உப்பு ஏறினாலும் இறங்கினாலும் அப்படியேதான் இருக்கும். ஃபிரான்சிஸ்கானாவுக்குக் குமிழ் உருண்டை. மத்தியதரைக் கடல் பக்கத்து இனத்துக்குக் கூம்பு மாதிரி. ஆணுறுப்பின் அமைப்பையும் நிபுணர்கள் பார்க்கிறார்கள். பெண்ணுக்குப் பதினோராவது ஜோடிக் காலுக்குப் பின்னால் ஒற்றை முட்டைப்பை தொங்கும், அதன் வடிவத்தை வைத்தும் ஓரளவு சொல்லலாம்.

1960, 70களில் சான் பிரான்சிஸ்கோவில் சரேன் போவென் என்ற விஞ்ஞானி இன்னொரு வழியும் பிடித்தார். வேறு வேறு ஊர் ஆர்ட்டிமியாக்களை ஜோடி சேர்த்துப் பார்ப்பது. அமெரிக்க ஆணும் மத்தியதரைக் கடல் பெண்ணும் சேர்ந்தால் சந்ததி இல்லை. ஆக ஒரே இனம் இல்லை. 1970களின் முடிவில் சலினா என்ற ஒற்றைக் குடை கிழிந்து, உள்ளே பல இனங்கள் இருப்பது வெளிவந்தது. இது இன்னும் முடியவில்லை. அமெரிக்க இனத்துக்குக் கெல்லாக் வைத்த பெயர் செல்லுமா, 1869லேயே மோனோ ஏரியில் கிடைத்ததற்கு வைத்த ‘மோனிக்கா’ என்ற பெயர்தான் செல்லுமா என்று 2021ல்கூட ஒரு கட்டுரை வந்தது. பட்டா விவகாரம் மாதிரி, மூலப் பத்திரத்தில் போய்த்தான் நிற்கும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

இந்தியாவில் ஆர்ட்டிமியா பற்றிய ஆய்வுக் குறிப்புகள் 1950களில் வர ஆரம்பித்தன. மும்பை வடாலா உப்பளம், ராஜஸ்தானின் சாம்பர் ஏரி. தூத்துக்குடி 1970களில் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றுக்கும் அன்றைய வழக்கப்படி சலினா என்றே எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, உலகமே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தது.

ஆனால் தூத்துக்குடிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. கொக்கி மீசைக்காரர்கள் இல்லை. அத்தனையும் பெண்கள்! ஆண் துணை இல்லாமலே முட்டையிடும், குஞ்சு போடும், அந்தக் குஞ்சுகளும் பெண்களே. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கன்னி இனப்பெருக்கம் என்று படித்திருப்போமே, அதுதான். ஆர்ட்டிமியாவில் இப்படி நடக்கிறது என்று கார்ல் ஃபான் சீபோல்டு என்ற ஜெர்மானியர் 1873லேயே எழுதியிருந்தார். ஐரோப்பா, ஆசியா எங்கும் பல உப்பளங்களில் இந்தப் பெண் கூட்டங்கள் உண்டு. அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தமான ஆர்ட்டிமியாவில் கிடையாது. சௌகரியத்துக்காக இவற்றுக்கெல்லாம் சேர்த்து ‘பார்த்தினோஜெனடிக்கா’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். ஒரே இனம் என்று அதைக் கொள்ள முடியாது, வெவ்வேறு வழியில் ஆணைத் தொலைத்த பல பரம்பரைகள் என்பதுதான் இன்றைய நிலை. அதில் ஒரு பரம்பரை தூத்துக்குடியுடையது.

வேடிக்கை என்னவென்றால், இனத்தைக் காட்டும் சிறந்த உறுப்பு ஆணின் தலை. இங்கே ஆணே இல்லை. அந்த இல்லாமைதான் அடையாளம்.

இதற்கிடையில் உலகத்தின் வேறு பக்கத்தில் ஆர்ட்டிமியா ஒரு வியாபாரச் சரக்காகிவிட்டது. பொரித்த குஞ்சு அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் அளவாக வாய்க்குள் போகும், உயிரோடு துள்ளும். 1930களிலேயே அமெரிக்காவிலும் நார்வேயிலும் இதை மீன் குஞ்சுக்குத் தீனியாகக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். 1950களில் சான் பிரான்சிஸ்கோ முட்டையும், பிறகு யூட்டாவின் பெரிய உப்பேரி முட்டையும் டின்னில் அடைத்து விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் ‘ஸீ மங்கீஸ்’ என்று ஒரு பாக்கெட் வாங்கித் தண்ணீரில் கொட்டிவிட்டு ராஜா, ராணி, குட்டி இளவரசர்கள் வருவார்கள் என்று காத்திருப்பார்களே, அதுவும் இதே ஆர்ட்டிமியாதான். 1960ல் ஹெரால்ட் வான் பிரவுன்ஹட் என்ற சாமர்த்தியசாலி வேறு பெயரில் ஆரம்பித்த வியாபாரம், 1962ல் இந்தப் பெயருக்கு மாறியது. பாக்கெட் படத்தில் இருக்கும் கிரீடமும் சிரித்த முகமும் எந்த மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நம் கடற்கரையில் இறால் பண்ணை ஜுரம் 1990களில் அடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் வழக்குப் போட்டு, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் ஞாபகம் இருக்கும். நிலம் உவர்ப்பானது, நிலத்தடி நீர் கெட்டது எல்லாம் அப்போது பேசப்பட்டன. பேசப்படாதது ஒன்று. இறால் குஞ்சு பொரிப்பகங்கள் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரையில் இருந்தன. அவற்றுக்குத் தினமும் ஆர்ட்டிமியா வேண்டும். வந்த டின்களில் பெரும்பகுதி அமெரிக்க முட்டை, அதாவது ஃபிரான்சிஸ்கானா. பொரித்தது போக மிச்சம் கழிவுநீரில் போகும். உப்பளங்களிலேயே வளர்த்துப் பார்க்கும் முயற்சிகளும் உண்டு. முட்டையோ கால் மில்லிமீட்டர். காற்றில் பறக்கும், பறவையின் காலில் ஒட்டும். லேபிளில் ஆர்ட்டிமியா, பாத்தியிலும் ஆர்ட்டிமியா, இரண்டும் சலினா என்று நினைத்துப் பழகின இடத்தில், வெளியூர்ச் சரக்கு உள்ளே விழுந்தது என்று யாருக்குத் தோன்றும்?

2012ல் கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் ‘ஹைட்ரோபயாலஜியா’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உடம்பையும் பார்த்தார்கள், மரபணுவையும் பார்த்தார்கள். இந்திய உப்பளங்களில் அமெரிக்க ஃபிரான்சிஸ்கானா குடியேறிவிட்டது, அங்கிருந்த சொந்தக் கூட்டங்களை இடம்பெயர்த்துவிட்டது, வந்த வழி மீன், இறால் வளர்ப்புத் தொழில் என்பது அவர்கள் முடிவு. ஸ்பெயின், போர்ச்சுகல், தென் பிரான்ஸ் உப்பளங்களில் இதே கதை ஏற்கெனவே பதிவாகியிருந்தது. மோதலில் ஜெயிப்பது பெரும்பாலும் அமெரிக்கக்காரர்தான். வேகமாக வளர்கிறது, நிறையப் பெருகுகிறது.

மரபணுச் சோதனையெல்லாம் வேண்டாம், பெண்களை மட்டுமே பார்த்த பாத்தியில் கொக்கி மீசைக்காரர்கள் ஜோடி ஜோடியாக நீந்தினால், முதல் சந்தேகத்துக்கு அதுவே போதும். (இதில் ஒரு ஜாக்கிரதை: பெண் கூட்டத்திலும் எப்போதாவது அபூர்வமாக ஒரு ஆண் பிறப்பதுண்டு. அதனால் ஒன்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பாதிக்குப் பாதி ஆண் என்றால் சமாச்சாரம் வேறு.)

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உப்பளத்தில் வெயிலில் கால் வெடிக்க நிற்கும் தொழிலாளிக்கு இதனால் நயா பைசா நட்டமில்லை. அமெரிக்கப் பூச்சியும் பாசியைத் தின்னும், தண்ணீர் தெளியும். அந்தத் தொழிலாளிகளின் பாட்டைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலைப் படிக்கலாம். வியட்நாமில் ஆர்ட்டிமியாவே இல்லாத வின்சாவ் உப்பளங்களில் ஃபிரான்சிஸ்கானாவை வேண்டுமென்றே விட்டு, 1980களிலிருந்து முட்டை அறுவடை செய்து உப்பு விவசாயிகள் சம்பாதிக்கிறார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

வந்தேறி என்று திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. மைசூரில் உட்கார்ந்துகொண்டு, நியூ ஜெர்ஸியிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உங்களுக்கு எழுதுகிற நான் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? அந்தப் பூச்சி டிக்கெட் எடுத்து வரவில்லை, டின்னில் அடைத்துக் கொண்டுவரப்பட்டது. என் வருத்தம் வேறு. தூத்துக்குடி வெயிலுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் எத்தனையோ ஆயிரம் தலைமுறையாகத் தன்னைப் பழக்கிக்கொண்ட ஒரு பரம்பரை அது. அதற்கு என்ன தெரியும், எத்தனை டிகிரி வரை தாங்கும், மழை வந்து தண்ணீர் நீர்த்ததும் என்ன செய்யும் என்று முழுக்கக் கேட்டு முடிப்பதற்குள் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. போனது தெரியாததற்குக் காரணம், வந்ததும் போனதும் ஒரே பெயரில் இருந்ததுதான். 1910ல் ஐரோப்பாவில் ஒருவர் எல்லாம் ஒன்று என்று எழுதினதற்கும், நூறு வருஷம் கழித்துத் தெற்குக் கோடியில் ஒரு பாத்தியில் நடந்ததற்கும் நடுவே கோடு போட்டால் நேராகத்தான் போகிறது.

பிள்ளைகளோடு வீட்டிலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. மீன் தொட்டி விற்கும் கடைகளில் ஆர்ட்டிமியா முட்டை கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் முப்பது கிராம் கல் உப்பு, கொஞ்சம் வெளிச்சம், காற்று விட மீன் தொட்டி மோட்டார். ஒரு நாள், ஒன்றரை நாளில் ஆரஞ்சுப் புள்ளிகளாகப் பொரித்துவிடும். தூள் ஈஸ்ட்டைத் துளியூண்டு கரைத்துத் தீனி போடலாம், அதிகம் போட்டால் தண்ணீர் நாறிவிடும். இரண்டு, மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும். ஒரு துளி தண்ணீரோடு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பாருங்கள். மல்லாந்து நீந்துகிறதா, கால் பதினொரு ஜோடியா என்று எண்ணச் சொல்லுங்கள். (பிள்ளைகளுக்குப் பொறுமை ஆறாவது ஜோடியிலேயே போய்விடும்.) பிறகு தலை. கொக்கி இருந்தால் ஆண். கொக்கி இல்லாமல் கால்களுக்குப் பின்னால் பை தொங்கினால் பெண். இருபது, முப்பது எடுத்து எண்ணினால் உங்கள் பாக்கெட் ஆண் பெண் கூட்டமா, பெண்கள் மட்டும் உள்ள கூட்டமா என்று தெரிந்துவிடும். குமிழ் உருண்டையா கூம்பா என்று பார்க்கப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் வேண்டும். வாலைப் பார்த்து மட்டும் எதுவும் சொல்லாதீர்கள், ஷ்மான்கேவிச் கதி ஆகிவிடும். முடிந்ததும் மிச்சத்தை மீன் தொட்டியில் போடுங்கள். உப்பளமோ உப்பேரியோ பக்கத்தில் இருக்கும் ஊராக இருந்தால் வெளியே மட்டும் கொட்ட வேண்டாம்.

மைப்படி பற்றிச் சொன்னேன் அல்லவா. கல் உடைந்து ரோட்டுக்கு ஜல்லியாகப் போன பிறகும் அதன் எழுத்து மைப்படியில் இருக்கும், கோவிலே இல்லாமல் போன ஊர்களின் கல்வெட்டுகளை இன்றும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஆர்ட்டிமியாவுக்கு அந்த வேலையை உலர்ந்த முட்டை செய்கிறது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 1978ல் ஆர்ட்டிமியாவுக்கென்றே ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள். உலகத்து உப்பேரி, உப்பளங்களிலிருந்து வந்த முட்டை மாதிரிகளை இடம், தேதி எழுதி அடுக்கி வைத்திருக்கிறார்கள். தொடக்க காலத்தில், அமெரிக்க முட்டை இங்கே பெரிதாகப் பரவுவதற்கு முன்னால், பல நாட்டு முட்டைகளை அளந்து ஒப்பிட்டு ஒரு ஆய்வு வரிசை வெளியிட்டார்கள். அந்தப் பட்டியலில் சான் பிரான்சிஸ்கோவும் யூட்டாவும் ஆண் பெண் உள்ள கூட்டங்கள் பக்கத்தில் இருக்கின்றன. தூத்துக்குடி என்ற பெயர் பெண்கள் மட்டும் உள்ள கூட்டங்களின் பக்கத்தில் இருக்கிறது.